டிகாட் நொதி: கொழுப்பைக் கட்டிச் சேமிக்கும் வேலையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள், பால் மாடு வளர்ப்பவர்கள், ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படும் உறவினர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமிருந்தும் ஒரே நொதியைச் சுற்றிய சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் துணைக்கு அழைப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

டிகாட் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இதன் முழுப்பெயர் டைஅசைல்கிளிசரால் அசைல்டிரான்ஸ்ஃபரேஸ். ஆய்வகங்களில் டிகாட் என்றே வழங்குகிறது. கிளிசரால் என்னும் சிறு மூலக்கூறில் கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொள்ள மூன்று இடங்கள் உண்டு. இரண்டு இடங்கள் நிரம்பிய நிலையில் இருப்பது டைகிளிசரைடு. மூன்றாவது இடத்தையும் நிரப்பி அதை டிரைகிளிசரைடாக முடித்து வைப்பதே இந்த நொதியின் வேலை. நெய், தேங்காயெண்ணெய், நம் இடுப்பைச் சுற்றிய கொழுப்பு ஆகிய அனைத்தும் பெரும்பாலும் டிரைகிளிசரைடுதான்.

மூன்றாவதாக ஒட்டப்படும் கொழுப்பு அமிலம் அப்படியே வருவதில்லை. கோஎன்சைம் ஏ என்னும் துணை மூலக்கூறுடன் பிணைந்து, வினைபுரியத் தயாரான நிலையில் வருகிறது. நொதி அந்தப் பிணைப்பை அவிழ்த்து, கொழுப்பு அமிலத்தைக் கிளிசராலுக்கு மாற்றிவிட்டு, கோஎன்சைம் ஏயை விடுவிக்கிறது.

கொழுப்பு அமிலம், கொழுப்பு எல்லாம் ஒன்றுதானே? ஏன் இவ்வளவு சிரமப்பட்டு மூன்று மூன்றாக ஒட்ட வேண்டும்?

ஒன்றல்ல. ஒட்டப்படாத கொழுப்பு அமிலத்தின் ஒரு முனை நீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். சோப்பும் இதே குணம் கொண்ட பொருள்தான், ஏனெனில் சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் உப்பு. இப்படிப்பட்ட பொருள் செல்லுக்குள் அதிகமாகத் திரிந்தால் சவ்வுகளைக் குலைக்கும், மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யும், செல்லைச் சாகடிக்கவும் செய்யும். மூன்றாக ஒட்டி முடித்தபின் கிடைக்கும் டிரைகிளிசரைடு நீரோடு சேராது, சவ்வுகளோடு வம்புக்குப் போகாது, தனித் துளியாக ஒதுங்கிக் கிடக்கும். களத்தில் சிதறிக் கிடக்கும் நெல்லை மழைக்கு முன் குதிருக்குள் கொட்டி மூடுவதைப் போன்ற காரியம் இது.

இரண்டாவது காரணம் சிக்கனம். ஒரு கிராம் டிரைகிளிசரைடில் ஏறத்தாழ 9 கிலோகலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பில் ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரிதான், அதுவும் ஒவ்வொரு கிராமும் தன்னோடு இரண்டு மூன்று கிராம் நீரைச் சுமந்துகொண்டிருக்கும். நம் உடல் தன் சேமிப்பு முழுவதையும் கிளைக்கோஜனாக வைத்திருந்தால் நடமாடவே முடியாத எடை வந்துவிடும்.

டிகாட் செல்லுக்குள் எங்கே இருக்கிறது? அது செய்த கொழுப்பு எப்படித் துளியாகிறது?

எண்டோபிளாச வலை என்னும் மடிப்புமடிப்பான உள்சவ்வில் இருக்கிறது. இந்த நொதியில் டிகாட்-1, டிகாட்-2 என இரண்டு வகை உண்டு. மனிதனின் டிகாட்-1 நொதியின் வடிவத்தை 2020ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் தனித்தனியே கண்டறிந்து ஒரே சமயத்தில் வெளியிட்டன. 488 அமினோ அமிலங்களால் ஆன இந்தப் புரதம் சவ்வை ஒன்பது முறை ஊடுருவிச் செல்கிறது, இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கிறது. வினை நடக்கும் இடம் புரதத்தின் மேற்பரப்பில் இல்லை, சவ்வின் நடுப்பகுதிக்குள் புதைந்திருக்கிறது. கோஎன்சைம் ஏயைச் சுமந்த கொழுப்பு அமிலம் செல்சாற்றுப் பக்கமிருந்து ஒரு சுரங்கவழியாக உள்ளே நுழைய, டைகிளிசரைடு சவ்வுக்குள்ளேயே பக்கவாட்டு வழியாக வந்து சேர்கிறது. அங்கே 415ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் வினையை நடத்தி வைக்கிறது. எண்ணெய்த்தன்மையுள்ள பொருளை நீரில் இறக்காமலே வேலையை முடித்துவிடும் இந்த ஏற்பாட்டைப் படம் பார்த்துத்தான் முழுதாக ரசிக்க முடியும்.

உருவான டிரைகிளிசரைடு சவ்வின் இரு அடுக்குகளுக்கு நடுவே சேர்ந்து, ஓரளவு திரண்டதும் செல்சாற்றுப் பக்கமாகப் புடைத்துத் துளியாகிறது. செய்பின் என்னும் புரதம் இந்தப் புடைப்பை ஒழுங்குபடுத்துகிறது. செய்பின் மரபணு பழுதானவர்களுக்குப் பிறப்பிலிருந்தே தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும் அரிய நோய் வருகிறது. கொழுப்பைச் செய்வதும் அதைத் துளியாக்குவதும் வெவ்வேறு கட்டங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டிகாட்-1, டிகாட்-2 என்று இரண்டு சொல்கிறீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு?

இந்த வினையை அமெரிக்க உயிர்வேதியியலாளர் யூஜின் கென்னடியும் அவருடைய சகாக்களும் 1960ஆம் ஆண்டிலேயே கோழியின் கல்லீரலிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு விளக்கிவிட்டார்கள். ஆனால் சவ்வுக்குள் ஆழமாகப் பொதிந்த புரதம் என்பதால் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாமல் பல பத்தாண்டுகள் கழிந்தன. கடைசியில் மரபணு வழியாகத்தான் அது பிடிபட்டது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கிளாட்ஸ்டோன் ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் ஃபரீஸின் குழு, கொலஸ்டிராலோடு கொழுப்பு அமிலத்தை ஒட்டும் வேறொரு நொதியின் மரபணுவை ஒத்த வரிசைகளைத் தேடியபோது டிகாட்-1 மரபணுவைக் கண்டு 1998இல் அறிவித்தது. 2001இல் டிகாட்-2 வந்தது, அதற்கு முதல் துப்பைத் தந்தது எண்ணெய் சேமிக்கும் ஒரு பூஞ்சை.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உறவே தெரியாது. மரபணு வரிசையில் ஒற்றுமை இல்லை, வடிவத்தில் ஒற்றுமை இல்லை, குரோமோசோம்களும் வேறு (மனிதனில் முறையே 8, 11). பரிணாமத்தில் தனித்தனியே தோன்றி ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தவை இவை. வேலைப் பங்கீடும் முழுக்க ஒன்றல்ல. டிகாட்-1 பெரும்பாலும் வெளியிலிருந்து செல்லுக்குள் வரும் கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொள்கிறது. டிகாட்-2 எண்டோபிளாச வலையிலிருந்து கொழுப்புத் துளியின் மேற்பரப்புக்கும் நகரக்கூடியது, கல்லீரலில் புதிதாகச் செய்யப்படும் கொழுப்பு அமிலங்களை அதிகம் விரும்புகிறது. இந்தப் பங்கீடு பின்வரும் பல பதில்களுக்குத் திறவுகோல்.

நான் எண்ணெய், நெய் எதையுமே தொடுவதில்லை. அப்புறம் எப்படி எனக்கு டிரைகிளிசரைடு 240 இருக்கிறது?

உங்கள் கல்லீரல் கொழுப்பை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று வேளையும் சோறு, இட்லி, இனிப்பு போட்ட காபி என்று மாவுச்சத்தும் சர்க்கரையும் தேவைக்கு மேல் போகும்போது, கிளைக்கோஜன் கிடங்கு நிரம்பியபின் மிச்சம் அசெட்டைல் கோஎன்சைம் ஏயாக மாறி, இரண்டிரண்டு கார்பனாக நீட்டப்பட்டு, 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலமாகிறது. இன்சுலின் இந்த வேலையை முடுக்கிவிடுகிறது. அந்தக் கொழுப்பு அமிலத்தை டிகாட்-2 டிரைகிளிசரைடாக்க, கல்லீரல் அதை வி.எல்.டி.எல். என்னும் துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. பரிசோதனைச் சீட்டில் நீங்கள் பார்ப்பது பெருமளவு அந்தத் துகள்களின் சரக்கு.

மதுவும் இதே பாதையைத் தூண்டும். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருப்பது இயல்பு, 200க்கு மேல் உயர்வு, 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. 240 என்பது மருத்துவரிடம் பேச வேண்டிய எண்ணே தவிர, பதறியடித்து ஓட வேண்டிய எண் இல்லை. எண்ணெயைக் குறைத்த நீங்கள் தட்டிலுள்ள சோற்றின் அளவையும் தேநீர்க் கோப்பையின் சர்க்கரையையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்வதற்கும் இந்த நொதிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சாப்பிட்ட எண்ணெயின் டிரைகிளிசரைடு குடற்சுவரை அப்படியே கடப்பதில்லை. கணைய நொதி அதை இரண்டு கொழுப்பு அமிலங்களாகவும் ஒரு மோனோகிளிசரைடாகவும் உடைக்கிறது. குடற்சுவர் செல்கள் அவற்றை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் ஒட்டுகின்றன, கடைசி ஒட்டு டிகாட்-1 கையால் நடக்கிறது. அப்படிக் கட்டிய கொழுப்பு கைலோமைக்ரான் என்னும் பெரிய துகள்களில் ஏறி, நிணநீர்க் குழாய் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. நெய்ப்பொங்கல் சாப்பிட்ட சில மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பார்த்தால் மேலே நிற்கும் நீர்மம் பால் கலந்தது போலக் கலங்கியிருக்கக் காண்பது இதனால்தான். வெறும் வயிற்றில் இந்தத் துகள்கள் தீர்ந்துபோய், கல்லீரலிலிருந்து வந்தவை மட்டும் மிஞ்சும்.

டிகாட்-1 இல்லாத எலி என்ன தின்றாலும் குண்டாகாது என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 2000ஆம் ஆண்டில் ஃபரீஸின் குழு டிகாட்-1 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கியது. அவை பிழைத்தன, இனப்பெருக்கம் செய்தன, கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தும் பருமனாகவில்லை. தீனியைக் குறைத்துத் தின்றதால் வந்த மெலிவு அன்று அது. உடல் செலவழிக்கும் ஆற்றல் கூடியிருந்தது, இன்சுலினுக்கு உடல் நன்றாகச் செவிசாய்த்தது. மருந்து நிறுவனங்களின் கண் இந்த நொதி மீது விழுந்தது அப்போதுதான்.

ஆனால் அந்த எலிகளின் குறைகளையும் சேர்த்துச் சொன்னால்தான் வகுப்பில் சொன்னது முழுமையாகும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கின, ரோமம் வறண்டு நீரை விலக்கும் தன்மையை இழந்தது. பெண் எலிகளுக்குப் பால் சுரக்கவில்லை, ஏனெனில் பாலின் கொழுப்பைக் கட்ட மடியில் டிகாட்-1 வேண்டும். பின்னால் நடந்த இன்னொரு சோதனை இன்னும் சுவையானது: உடல் முழுவதும் டிகாட்-1 இல்லாத எலிக்குக் குடலில் மட்டும் அந்த நொதியைத் திருப்பித் தந்தபோது, பருமனைத் தடுக்கும் ஆற்றல் போய்விட்டது. ஆக, மெலிவின் பெரும்பங்கு கொழுப்புத் திசுவில் தொடங்கவில்லை. சாப்பிட்ட கொழுப்பு குடலிலிருந்து மெதுவாக வெளியேறியதே அதற்கு முக்கியக் காரணம்.

அப்படியானால் டிகாட்-2ஐ நீக்கினாலும் இதே கதைதானே?

இல்லை. டிகாட்-2 இல்லாத சுண்டெலிக்குட்டிகள் பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்துவிடுகின்றன. அவற்றின் உடலில் டிரைகிளிசரைடு 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. தோலின் நீர்த்தடுப்பு அமையாததால் உடல் ஈரம் ஆவியாகிப் போனது. டிகாட்-1 கூடவே இருந்தும் இந்தக் குறையை ஈடுகட்ட முடியவில்லை என்பதிலிருந்து, இரண்டில் அடிப்படைத் தேவை எது என்பது விளங்கும்.

இரண்டையும் ஒருசேர நீக்கிய கொழுப்பு செல்களை வளர்ப்புக் கலத்தில் வைத்துப் பார்த்தால் கொழுப்புத் துளியே உருவாவதில்லை. கொழுப்புத் திசுவில் மட்டும் இரண்டையும் நீக்கிய முழு எலிகளையும் பின்னர் உருவாக்கினார்கள். சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலுக்கும் தசைக்கும் போய் நோயாக்கும் என்று எதிர்பார்த்தபோது, எஞ்சிய கொழுப்புத் திசு எரிக்கும் திசுவாகத் தன்னை மாற்றிக்கொண்டு பருமனைத் தடுத்தது. இதை மனிதனுக்கு நீட்டிச் சொல்லச் சிலர் அவசரப்படுகிறார்கள். சுண்டெலியின் உடல் வெப்பம் காக்கும் தேவை நம்முடையதைவிடப் பன்மடங்கு பெரியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

டிகாட்-1ஐத் தடுக்கும் மாத்திரை வந்திருந்தால் உடல் பருமனுக்கு விடிவு கிடைத்திருக்குமே. ஏன் வரவில்லை?

வந்து பார்த்தது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் பிரடிகாஸ்டாட், அஸ்ட்ராஜெனிகா நிறுவனத்தின் ஒரு சேர்மம் உட்படப் பல தடுப்பிகள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் கொழுப்பை அவை எதிர்பார்த்தபடி குறைத்தன. கூடவே குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. உணவில் கொழுப்பு கூடக்கூட வயிற்றுப்போக்கும் கூடியது, மருந்தின் அளவை உயர்த்தினால் சோதனையில் கலந்துகொண்டவர்கள் விலகிப்போனார்கள். பருமனுக்கான மருந்து என்னும் கனவு அத்தோடு தேங்கியது. கைலோமைக்ரானைக் கரைக்க முடியாத அரிய பரம்பரை நோய் உள்ளவர்களிடம் பிரடிகாஸ்டாட் டிரைகிளிசரைடை நன்கு குறைத்தது என்பது தனிச்செய்தி. அவர்கள் எப்படியும் கொழுப்பு மிகக் குறைந்த உணவில் இருப்பவர்கள்.

எலிக்கு வராத வயிற்றுப்போக்கு மனிதனுக்கு ஏன் வந்தது?

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை ஒரு குடும்பத்திடமிருந்து கிடைத்தது. அஷ்கெனாசி யூத வம்சாவளியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்த சில நாட்களிலேயே கடுமையான வயிற்றுப்போக்குத் தொடங்கி, புரதம் குடல்வழியே வீணாகி, வளர்ச்சி தடைப்பட்ட இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். மரபணு வரிசையைப் படித்தபோது டிகாட்-1 மரபணு இரு பிரதிகளிலும் பழுதாகியிருந்தது தெரிந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வு, மனிதனில் இந்த நொதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை முதன்முதலாகக் காட்டியது. அதன்பின் வேறு நாட்டுக் குடும்பங்களிலும் இதே நோய் கண்டறியப்பட்டது.

காரணம் பங்கீட்டில் இருக்கிறது. சுண்டெலியின் குடலில் டிகாட்-1 இல்லாவிட்டாலும் டிகாட்-2 இருக்கிறது. மனிதக் குடலில் டிகாட்-2 மிகக் குறைவு, ஏறத்தாழ முழுப் பொறுப்பும் டிகாட்-1 மீதுதான். அது நின்றுபோனால், உறிஞ்சிய கொழுப்பு அமிலங்கள் ஒட்டப்படாமல் குடற்சுவர் செல்லுக்குள்ளேயே தேங்குகின்றன. இரண்டாம் கேள்வியில் சொன்ன சோப்புக் குணம் இங்கே வேலையைக் காட்ட, செல்கள் சேதமடைகின்றன. மாத்திரை செய்ததும் இதையே சிறிய அளவில்தான். எலியைப் பார்த்து மருந்து செய்யத் தொடங்குவதில் உள்ள அபாயத்துக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு பாடப்புத்தகங்களில்கூட அரிது.

எங்கள் மாட்டுப் பாலில் கொழுப்பு குறைவு என்று சங்கத்தில் விலையைக் குறைக்கிறார்கள். இதற்கும் அந்த நொதிதான் காரணமா?

ஓரளவு இருக்கலாம். பாலின் கொழுப்பில் 98 விழுக்காட்டளவு டிரைகிளிசரைடு, அதை மடியில் முடித்து வைப்பது டிகாட்-1. 2002ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் மிஷேல் ஜார்ஜின் குழு, மாட்டின் 14ஆம் குரோமோசோமில் பால் கொழுப்பைப் பெரிதாக மாற்றும் ஓரிடம் எங்கே என்று பல ஆண்டுகள் தேடி, அது டிகாட்-1 மரபணுதான் என்று காட்டியது. நொதியின் 232ஆம் இடத்தில் லைசின் இருந்தால் நொதி வேகமாக வேலை செய்யும், பாலில் கொழுப்பு விகிதம் கூடும். அதே இடத்தில் அலனின் இருந்தால் கொழுப்பு குறையும், பாலின் மொத்த அளவு கூடும். ஒரே ஓர் அமினோ அமிலத்தால் பால் கேனில் அளந்து பார்க்கக்கூடிய வேறுபாடு வருவது கால்நடை மரபியலில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

அயல்நாட்டுக் கறவை இனமான ஹோல்ஸ்டீனில் இரண்டு வடிவங்களும் கலந்திருக்கின்றன. நம் நாட்டுத் திமில் மாடுகளிலும் எருமைகளிலும் ஆய்வு செய்தபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் லைசின் வடிவமே காணப்பட்டது. கலப்பினப் பசுவின் பால் அளவு கூடிக் கொழுப்பு குறைந்ததில், ஹோல்ஸ்டீன் வழியாக வந்த அலனின் வடிவத்துக்கும் பங்கு இருக்கக்கூடும் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் சங்கத்தில் அன்றாடம் ஏறி இறங்கும் எண்ணுக்கு மரபணுவைக் குறை சொல்ல வேண்டாம். கன்று ஈன்ற எத்தனையாவது மாதம், நார்த்தீவனம் எவ்வளவு, மடியில் கடைசிவரை கறந்தார்களா என்பவையே அதிகம் தீர்மானிக்கும். முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வரும் பாலில் அதிகம். கன்றுக்கென்று கடைசிப் பாலை விட்டுவிட்டு முன்பாலைச் சங்கத்தில் ஊற்றினால் எந்த மரபணுவும் கைகொடுக்காது. வைக்கோலையும் பசுந்தீவனத்தையும் குறைத்து அடர்தீவனத்தை அள்ளி வைத்தாலும் கொழுப்பு இறங்கும்.

எனக்குக் கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. டிகாட்-2ஐத் தடுத்தால் கல்லீரல் சுத்தமாகிவிடாதா?

கொழுப்பு குறையும். கல்லீரல் நலமாகுமா என்பது வேறு கேள்வி. 2007இல் வெளியான ஓர் எலி ஆய்வு துறையையே உலுக்கியது. பருமனான எலிகளுக்கு மெத்தியோனினும் கோலினும் இல்லாத தீனி கொடுத்துக் கல்லீரலைப் புண்ணாக்கி, டிகாட்-2ஐ மரபணு அளவில் அடக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். கல்லீரலில் டிரைகிளிசரைடு குறைந்தது. ஆனால் கட்டப்படாத கொழுப்பு அமிலங்கள் கூடி, வீக்கமும் தழும்பும் முன்னைவிட மோசமாயின. துளியாக ஒதுங்கிக் கிடந்த கொழுப்பு அதுவரை செல்லைக் காத்துக்கொண்டிருந்தது என்பதே பலரும் கண்ட பொருள்.

அந்த முடிவு எல்லா நிலைமைக்கும் பொருந்தாது என்று பின்னால் தெரிந்தது. அந்தத் தீனி கல்லீரலிலிருந்து கொழுப்பு வெளியேறும் வழியையே அடைத்துவிடும் விசேஷமான தீனி. சாதாரண நிலைமையில் டிகாட்-2ஐத் தடுக்கும்போது, கொழுப்பு அமிலம் செய்யும் மரபணுக்களை முடுக்கும் எஸ்.ஆர்.இ.பி.பி.-1 என்னும் புரதமும் அடங்குகிறது. தொழிற்சாலையே மெதுவாகிவிடுவதால் சரக்கு தேங்குவதில்லை. இந்த நம்பிக்கையில்தான் ஃபைசர் நிறுவனத்தின் எர்வோகாஸ்டாட் மாத்திரையும், டிகாட்-2 மரபணுச் செய்தியை அழிக்கும் ஊசிமருந்தும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைப்பது கல்லீரல் வீக்கத்தைத் தணிக்கும் என்பது ஏற்கெனவே உறுதிப்பட்டது, அதற்குச் சீட்டு வேண்டியதில்லை.

தசையில் கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை நோய் வரும் என்கிறார்கள். மாரத்தான் ஓடுபவர்களின் தசையிலும் கொழுப்பு நிறைய இருக்கிறதாமே?

இரண்டு கூற்றும் சரி. பருமனானவர்களின் தசைச் செல்லில் கொழுப்புத் துளி கூடும்போது இன்சுலின் எதிர்ப்பும் கூடவே வருகிறது. நீண்டதூரம் ஓடிப் பழகியவர்களின் தசையிலும் அதே அளவு துளிகள் இருக்கும், ஆனால் அவர்களுடைய தசை இன்சுலினுக்கு மிக நன்றாகச் செவிசாய்க்கும். இதை ஓட்டவீரர் முரண் என்றே துறையில் அழைக்கிறார்கள்.

குற்றவாளி டிரைகிளிசரைடு இல்லை, அதற்கு முந்தைய படியிலுள்ள டைகிளிசரைடுதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். டைகிளிசரைடு தேங்கினால் சில புரதங்கள் தூண்டப்பட்டு இன்சுலினின் சமிக்ஞையைத் தடுக்கின்றன. எலியின் தசையில் டிகாட்-1ஐ மிகுதியாக உருவாக்கியபோது தசையில் டிரைகிளிசரைடு கூடியும் இன்சுலின் உணர்வு மேம்பட்டது. ஓடுபவரின் தசை சேமிக்கவும் செய்கிறது, அன்றாடம் எரிக்கவும் செய்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். டைகிளிசரைடின் எந்த வகை, செல்லின் எந்த மூலையில் இருப்பது தீங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை.

உண்ணாநோன்பின்போது கொழுப்பு கரைகிறது. அப்போது சேமிக்கும் நொதிக்கு என்ன வேலை?

நிறைய வேலை. பட்டினியில் கொழுப்பு செல் டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை ரத்தத்துக்கு விடுகிறது. உடைத்த அனைத்தும் வெளியே போவதில்லை. ஒரு பகுதி அதே செல்லுக்குள் மறுபடியும் ஒட்டப்படுகிறது, அதைச் செய்வது டிகாட்-1. உடைப்பதும் ஒட்டுவதும் ஒரே நேரத்தில் நடப்பது வீண்செலவாகத் தோன்றலாம். கொழுப்பு செல்களில் டிகாட்-1ஐ நீக்கிப் பார்த்த சோதனையில், உடைத்தல் வேகமாக நடக்கும் வேளையில் எண்டோபிளாச வலை நெருக்கடிக்கு உள்ளாகி, திசுவில் அழற்சி கிளம்பியது. வெள்ளம் வராமல் பார்த்துக்கொள்வதற்குச் செல் கொடுக்கும் விலைதான் அந்த வீண்செலவு.

ஹெபடைடிஸ் சி வைரஸுக்கும் டிகாட்டுக்கும் உறவு என்று படித்தேன்.

இருக்கிறது. அந்த வைரஸின் உட்கருப் புரதம் கொழுப்புத் துளிமீது போய் அமர்ந்தால்தான் புதிய வைரஸ் துகள்கள் உருவாகும். அங்கே அதைக் கொண்டு சேர்ப்பது டிகாட்-1 என்றும், டிகாட்-2ஆல் அது ஆவதில்லை என்றும் 2010இல் காட்டப்பட்டது. வைரஸையே நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் 2013க்குப் பின் வந்து நோயைக் குணமாக்கிவிட்டதால், இந்த வழியில் மருந்து தேட வேண்டிய தேவை குறைந்துபோனது.

டிகாட்டைக் குறைக்கும் உணவு, மூலிகை, வைட்டமின் ஏதாவது உண்டா?

நியாசின் என்னும் பி-3 வைட்டமின் மருந்தளவில் கொடுக்கப்பட்டால் டிரைகிளிசரைடைக் குறைக்கும். கல்லீரல் செல்களில் அது டிகாட்-2ஐ நேரடியாகத் தடுக்கிறது என்பது 2004இல் காட்டப்பட்டது. அதன் பின்னர் என்ன ஆனது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்குக் கூடுதலாக நியாசின் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் 2011இலும் 2014இலும் வெளிவந்தன. ரத்தப் பரிசோதனை எண்கள் மேம்பட்டும் மாரடைப்பு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

மூலிகைச் சாறு ஏதோ ஒன்று டிகாட்டைத் தடுத்தது என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை கண்ணாடிக் குழாயில் நடந்த சோதனைகள். வாய்வழி உட்கொண்டது குடலைக் கடந்து, கல்லீரலில் சிதையாமல், போதுமான அளவில் செல்லுக்குள் போய்ச் சேருமா என்பதை அவை சோதிப்பதில்லை. உண்மையிலேயே குடலிலுள்ள டிகாட்-1ஐ முழுதாகத் தடுக்கும் ஒரு பொடி உங்களிடம் விற்கப்பட்டால், அதை வாங்கியவர் முதலில் தேடுவது எதை என்பது மாத்திரைகளைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

மரபணுப் பரிசோதனையில் என் டிகாட் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாமா?

பெரியவர்களுக்கு அதனால் பயன் ஒன்றும் கிடைக்காது. பருமனையோ டிரைகிளிசரைடையோ ஒற்றை மரபணுவை வைத்துச் சொல்லிவிட முடியாது. பச்சிளம் குழந்தைக்கு நிற்காத வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைவு, எடை ஏறாமை ஆகியவை சேர்ந்து வந்து, தொற்றும் ஒவ்வாமையும் இல்லை என்று தெளிவானால், குழந்தை மருத்துவர் கேட்கும் மரபணுத் தொகுதியில் டிகாட்-1உம் இடம்பெறும். அப்போது விடை தெரிவது பயனுள்ளது, ஏனெனில் சிகிச்சை உணவிலேயே இருக்கிறது: உணவில் கொழுப்பை மிகவும் குறைத்து, அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் தேவைப்பட்டால் ரத்தநாளம் வழியாகத் தனியே கொடுக்கிறார்கள். இப்படிப் பராமரிக்கப்பட்ட குழந்தைகளில் பலருக்கு வயிற்றுப்போக்கு அடங்கி எடை ஏறியிருக்கிறது.